மால்டாவின் ஆடுகளும் 'மெல்லிய காய்ச்சலும்'
ஒரு மந்தை நோயின் வரலாறு தரும் படிப்பினை

நோய்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கொள்ளை நோய்களைப் பற்றியே எழுதினர். ஒரே பருவத்தில் ஊரை வெறுமையாக்கிச் சென்ற பிளேக்கும் காலராவும் ஏடுகளில் பக்கம் பக்கமாக இடம்பெற்றன. ஆட்டுக் கிடையிலும் மாட்டுத் தொழுவத்திலும் ஓசையின்றித் தங்கி, ஆண்டுக்கணக்கில் கால்நடையையும் அதனை மேய்ப்பவனையும் அரித்து வந்த நோய்களுக்கு அத்தகைய இடம் கிட்டவில்லை. கொள்ளை நோய் வருகிறது, போகிறது. மந்தைக்குள் நிலைகொண்ட நோயோ போவதில்லை. அதனை மனிதன்தான் போக்க வேண்டியுள்ளது. அம்முயற்சியில் அறிவு மட்டும் போதுமா, அன்றி வேறொன்றும் வேண்டுமா என்னும் வினாவுக்கு விடைகாண, மத்தியதரைக் கடலின் நடுவே கிடக்கும் சிறு தீவாகிய மால்டாவின் வரலாற்றை நாம் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

அரபுச் சொற்கள் வாழும் தீவு

மால்டா நமக்கு முற்றிலும் அந்நியமான நிலமன்று. ஹிஜ்ரி 256 (கி.பி. 870)இல் இஃப்ரீகிய்யாவின் அஃக்லபிய ஆட்சியாளர்களின் படை அத்தீவைக் கைப்பற்றியது. 1091இல் நார்மானியர் அதனைத் தாக்கி அடிபணிய வைத்த பின்னரும், 13ஆம் நூற்றாண்டு வரை முஸ்லிம்கள் அங்கே வாழ்ந்தனர். அவர்கள் மறைந்த பின்பும் அவர்தம் மொழி மறையவில்லை. இன்றைய மால்டா மொழி, இலத்தீன் எழுத்தில் எழுதப்படும் அரபு வழிமொழியாகும். பாலுக்கு அங்கே 'ஹலீப்' என்றே பெயர். வெள்ளாட்டைக் குறிக்கும் சொல் நம் மாணவர் அறிந்த 'மஃஸா' என்பதன் திரிபு. ஆட்டுப்பாலில் செய்யும் சிறு பாலாடைக்கட்டி 'ஜ்பெய்னா' எனப்படும். 'ஜுப்ன்' என்னும் அரபுச் சொல்லின் குறுமை வடிவமாகிய 'ஜுபைனா'வே அது என்பதை இலக்கணம் பயின்றோர் உடனே உணர்வர்.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் புவியியலாளர் இப்னு ஹவ்கல், மால்டாவைக் காட்டுக் கழுதைகளும் ஆட்டு மந்தைகளும் தேனும் மிகுந்த தீவாகக் குறிப்பிட்டார். கற்பாறையும் மெல்லிய மண்ணும் உடைய அந்நிலத்தில் பசுவை வளர்ப்பது அரிது; முட்செடியைத் தின்று பால் தரும் வெள்ளாடே ஏழையின் செல்வம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2 இலட்சம் மக்கள் வாழ்ந்த அத்தீவில் சுமார் 20,000 ஆடுகள் இருந்தன. பத்துப் பேருக்கு ஓர் ஆடு என்பது கணக்கு. விடியற்காலையில் இடையர்கள் தலைநகர் வல்லெட்டாவின் படிக்கட்டுத் தெருக்களில் ஆடுகளை ஓட்டி வந்து, வீட்டு வாசலிலேயே கறந்து கொடுத்தனர். கண்ணெதிரே கறந்த பாலில் தண்ணீர் கலந்திராது என்னும் நம்பிக்கையில் மக்கள் அதனை விரும்பி வாங்கினர். பெரும்பாலோர் காய்ச்சாமலேயே அருந்தினர்.

காய்ச்சலின் தன்மை

இத்தீவில் நெடுங்காலமாக ஒரு காய்ச்சல் நிலவிவந்தது. அது கடல் அலைபோல் ஏறும், இறங்கும், சில நாள் ஓய்ந்து மீண்டும் ஏறும். இரவில் உடல் வியர்வையில் நனையும், மூட்டுகளும் இடுப்பும் நோகும், மனம் சோர்ந்துபோகும். உயிரைப் பறிப்பது குறைவு. மாதக்கணக்கில் மனிதனைப் பயனற்றவனாக்குவது மிகுதி. மால்டா மக்கள் இதனைத் தம் மொழியில் 'மெல்லிய காய்ச்சல்' என்றனர். 'ரகீக்' என்னும் அரபுச் சொல்லே அப்பெயரில் அடைமொழியாக நிற்கிறது. ஆளை ஒரேயடியாக வீழ்த்தாமல் இழைஇழையாகத் தேய்க்கும் நோய்க்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

மால்டாவில் நிலைகொண்டிருந்த பிரித்தானியக் கடற்படையும் தரைப்படையும் இந்நோயால் பெரிதும் அல்லலுற்றன. ஆண்டுதோறும் 600க்கும் மேற்பட்ட படைவீரரும் மாலுமிகளும் நோயுற்று, ஒவ்வொருவரும் சராசரியாக 120 நாட்கள் படுக்கையில் கிடந்தனர். படை மருத்துவரான ஜெஃப்ரி ஆலன் மார்ஸ்டன் தாமே இந்நோய்க்கு ஆளாகி, 1860களின் தொடக்கத்தில் இதன் இயல்பைத் தெளிவாக விவரித்தார். மற்றொரு படை மருத்துவரான டேவிட் புரூஸ், இறந்த வீரர்களின் மண்ணீரலிலிருந்து 1887இல் நோய்க்கிருமியைப் பிரித்து வளர்த்துக் காட்டினார். 1897இல் ஆல்ம்ரோத் ரைட்டும் அவர்தம் தோழர்களும், நோயுற்றவரின் இரத்தநீர் அக்கிருமிகளைத் திரளச் செய்வதைக் கொண்டு நோயை அறியும் சோதனையை அமைத்தனர்.

கிருமியும் தெரிந்தது, சோதனையும் கிடைத்தது. ஆயினும் கிருமி எங்கிருந்து வருகிறது என்பது விளங்கவில்லை. மண்ணிலிருந்து எழும் தூசியே காரணம் என்றனர் சிலர். கொசுவைக் குறை கூறினர் வேறு சிலர். சாதாரண வீரர்களைவிட வசதியாக வாழ்ந்த அதிகாரிகளுக்கே இந்நோய் கூடுதலாக வந்ததும், வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தோர் அங்கே இக்காய்ச்சலைப் பெற்றதும் புதிராகவே இருந்தன. நோயாளியின் உடல் தேறுவதற்கென்று மருத்துவமனை அன்புடன் அளித்த பாலே அப்புதிரின் விடை என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஸம்மித்தின் ஆறு ஆடுகள்

1904இல் பிரித்தானிய அரசு, ராயல் சொசைட்டியின் பொறுப்பில் மத்தியதரைக் காய்ச்சல் ஆய்வுக் குழுவொன்றை அமைத்தது. புரூஸ் அதன் தலைவர். குழுவில் இடம்பெற்ற மால்டா நாட்டவர் தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மித் (1864-1935). மருத்துவரான இவரே பின்னாளில் அத்தீவின் வரலாற்றுக்கு முற்பட்ட கோயில்களை அகழ்ந்து உலகறியச் செய்தவர். மால்டா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றவர்.

ஆடுகள் இக்கிருமியை ஏற்குமா என்று அறிய முற்பட்ட ஸம்மித், 1905 ஜூன் மாதத்தில் ஒரு மந்தையின் ஆறு ஆடுகளிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதித்தார். அவற்றுள் ஐந்தின் இரத்தநீர் கிருமிகளைத் திரளச் செய்தது. அந்த ஆடுகளுக்குக் காய்ச்சல் இல்லை, மெலிவில்லை, அவை மேய்ந்தன, அசைபோட்டன, நிறையப் பால் கொடுத்தன. அதனைத் தொடர்ந்து குழுவின் மற்றோர் உறுப்பினரான வில்லியம் ஹாராக்ஸ், ஆட்டுப்பாலிலேயே உயிருள்ள கிருமியைக் கண்டார். பின்னர்ப் பரவலாகச் சோதித்தபோது, தீவின் ஆடுகளில் ஏறத்தாழப் பாதியளவு நோய்த்தொடர்பு கொண்டவை என்றும், பத்தில் ஒன்று பாலில் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது என்றும் தெரியவந்தது.

இயற்கையே நடத்தியது போன்ற ஒரு சோதனையும் அவ்வாண்டே நிகழ்ந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறைக்காக வாங்கப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட மால்டா ஆடுகளை ஏற்றிக்கொண்டு 'ஜோஷுவா நிக்கல்சன்' என்னும் கப்பல் 1905 ஆகஸ்டில் புறப்பட்டது. பாலுக்குப் பஞ்சமில்லாத அப்பயணத்தில் மாலுமிகள் அதனை விருப்பம்போல் அருந்தினர். அவர்களுள் பலர் காய்ச்சலில் வீழ்ந்தனர்.

படைக்கு ஒரு நீதி, ஊருக்கு ஒரு நீதி

1906ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் படையினரின் உணவிலிருந்து ஆட்டுப்பால் நீக்கப்பட்டது. தகரக் குப்பிகளில் அடைத்த சுண்டக் காய்ச்சிய பால் அதன் இடத்துக்கு வந்தது. சில மாதங்களுக்குள் படைமுகாம்களில் காய்ச்சல் சரிந்து, அடுத்த ஆண்டில் ஏறத்தாழ இல்லாமற்போயிற்று. மருத்துவ வரலாற்று நூல்கள் இவ்வெற்றியைப் பெருமிதத்துடன் கூறி, பெரும்பாலும் இவ்விடத்திலேயே கதையை முடித்துக்கொள்கின்றன.

நாம் கேட்க வேண்டிய கேள்வியோ இங்கேதான் தொடங்குகிறது. படையினருக்கு நோய் நீங்கியது. ஆட்டுக்கு நீங்கியதா? இடையனுக்கும் அவன் மனைவி மக்களுக்கும் நீங்கியதா? நீங்கவில்லை. மால்டாவின் பொதுமக்களிடையே அதே காய்ச்சல் பல பத்தாண்டுகள் தொடர்ந்து நிலவியது. படை தன் பாலை மாற்றிக்கொண்டது. மந்தை இருந்தபடியே இருந்தது. சுண்டக் காய்ச்சிய பாலை விலைகொடுத்து வாங்கும் வசதி ஏழைக் குடும்பத்துக்கு இல்லை. ஆட்டை இழந்தால் வேறு பிழைப்பும் இல்லை.

நோயுற்ற ஆடுகளைச் சோதித்துக் கொல்லும் முயற்சிகள் நடந்தன. ஆனால் அவை நீடிக்கவில்லை. இதற்கு இடையர்களின் அறியாமையே காரணம் என்று அக்காலத்து அதிகாரிகள் எண்ணினர். அவ்வாறு கூறுவது எளிது, நேர்மையாகாது. இடையனின் நிலையிலிருந்து இதனை நோக்குவோம். நேற்று வரை குறைவின்றிப் பால் கறந்த ஆட்டை, கண்ணாடிக் குழாயில் ஏதோ திரண்டது என்று சொல்லிக் கொல்ல வருகின்றனர். அந்த ஆட்டின் உடலில் நோயின் அடையாளம் ஒன்றுமில்லை. அதற்கு ஈடாக மற்றோர் ஆட்டை வாங்கினால் அதுவும் நோயற்றது என்பதற்கு உறுதியில்லை. இந்நிலையில் அவன் ஆட்டை ஒளித்து வைத்தான் என்றால், அவனுடைய கணக்கில் பிழை காண்பது கடினம். பயனைப் பெறுவது ஊர். இழப்பைச் சுமப்பது அவன் ஒருவன்.

மந்தையே நோயாளி

இந்நோயை மந்தையிலிருந்து நீக்குவது ஏன் கடினம் என்பதை அறிய, கிருமியின் போக்கைச் சிறிது அறிதல் வேண்டும். உடலுக்குள் புகும் கிருமிகளை விழுங்கி அழிக்கும் காவல் அணுக்கள் உண்டு. இக்கிருமியோ அவ்வணுக்களுக்குள்ளேயே குடியேறி வாழும் திறனுடையது. பின்னர் அது நிணநீர்க் கணுக்களிலும் மடியிலும் கருப்பையிலும் தங்குகிறது. பெரும்பாலும் சினையின் பிற்பகுதியில் ஆடு குட்டியை வீசிவிடும். நம் நாட்டில் மாடுகளிடையே இதனைக் 'கன்று வீச்சு நோய்' என்று அழைப்பது இதனால்தான். வீசிய குட்டியிலும் நஞ்சுக்கொடியிலும் கழிவுநீரிலும் கிருமிகள் அளவின்றி நிறைந்திருக்கும். அவற்றை முகர்ந்தும் நக்கியும், அவை பட்ட புல்லை மேய்ந்தும் ஏனைய ஆடுகள் நோயைப் பெறுகின்றன.

ஒரு முறை குட்டி வீசிய ஆடு அடுத்த ஈற்றில் நலமாகவே ஈனக்கூடும். அதனைக் கண்டு நோய் நீங்கிற்று என்று உரிமையாளன் மகிழ்வான். ஆனால் அதன் மடி ஆண்டுக்கணக்கில், இடைவிட்டு இடைவிட்டு, கிருமியை வெளியேற்றிக்கொண்டிருக்கும். தாயிடமிருந்து நோயைப் பெற்ற குட்டி, தான் சினையாகும் வரையில் சோதனைக்கும் அகப்படாமல் இருத்தல் உண்டு. ஆகவே ஒரே நாளில் சோதித்து, ஒரே நாளில் தீர்ப்பளிக்க இயலாது. மந்தை முழுவதையும் குறித்த இடைவெளியில் மீண்டும் மீண்டும் சோதிக்க வேண்டும். ஈனும் ஆடுகளைத் தனியே ஒதுக்க வேண்டும். வீசியவற்றைப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். நோய்நிலை அறியாத மந்தையிலிருந்து ஆடு வாங்குவதையும், பொதுவான கிடாயைப் பயன்படுத்துவதையும் தவிர்க்க வேண்டும். இங்கே நோயாளி தனி ஆடு அன்று, மந்தையே நோயாளி. அண்டை மந்தைகளோடு மேய்ச்சல் நிலம் பொதுவாக இருக்குமாயின் ஊரே நோயாளி.

உரிமையாளரை நோக்கிய சொல்

இங்கே நம் கல்வி மரபிலிருந்து ஒரு செய்தியை நினைவுகூர்தல் பொருந்தும். நோயுற்றதை நலமானதிடம் கொண்டு செல்லலாகாது என்னும் கருத்தமைந்த நபிமொழி, அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளது. தொற்று என்பது இல்லை என்னும் பொருள்படும் மற்றொரு நபிமொழியோடு இதனை எவ்வாறு பொருத்துவது என்பது குறித்து, இப்னு குதைபா தொடங்கி இப்னு ஹஜர் வரை அறிஞர் பெருமக்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவ்விவாதம் முழுவதையும் நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. சொல்லாட்சி ஒன்றை மட்டும் சுட்ட விரும்புகிறோம்.

அந்நபிமொழியில் ஆளப்பட்டுள்ள சொற்கள் 'மும்ரிள்', 'முஸிஹ்ஹ்' என்பன. மேலோட்டமாகப் பார்ப்போர் இவற்றை 'நோயுற்ற ஒட்டகம்', 'நலமான ஒட்டகம்' என்று கொள்ளக்கூடும். ஆனால் இமாம் நவவீ போன்ற உரையாசிரியர்கள் விளக்குவது போல, முன்னது நோயுற்ற ஒட்டகங்களை உடையவரையும், பின்னது நலமான ஒட்டகங்களை உடையவரையும் குறிக்கும். அதாவது, அச்சொல் விலங்கை நோக்கியதன்று, உரிமையாளரை நோக்கியது. நீர்நிலைக்குத் தன் மந்தையை ஓட்டிவரும் ஒருவர், அங்கே முன்னரே நிற்கும் மற்றவரின் மந்தையை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே அதன் உள்ளுறை. மந்தை நோய் என்பது ஒருவருக்கும் அவருடைய அயலாருக்கும் இடையே உள்ள கடமையாக அங்கே வைத்துப் பேசப்படுகிறது. கிருமியின் பெயர் அறியாத காலத்திலும் இக்கடமையை அறிய முடிந்தது. கிருமியின் பெயர் அறிந்த 1906இல் அது படைமுகாமின் வேலிக்குள்ளேயே நின்றுவிட்டது.

கொப்பரை, ஊசி, இழப்பீடு

மால்டாவின் எஞ்சிய வரலாறு நீண்டது. 1938இல் பாலை ஒழுங்குமுறையாகச் சூடாக்கிக் கிருமி நீக்கும் நிலையம் அங்கே இயங்கத் தொடங்கியது. பாலை 63 பாகை செல்சியஸில் அரைமணி நேரமோ, 72 பாகையில் 15 வினாடியோ வைத்தால் இக்கிருமி மடிந்துவிடும். தெருவில் ஆடு கறக்கும் வழக்கம் படிப்படியாக மறைந்தது. இரண்டாம் உலகப் போரில், 1942 முற்றுகையின்போது, பசியால் வாடிய மக்கள் ஆடுகளில் பெருந்தொகையை உணவாக்கிக்கொண்டனர்.

ஆனால் கொப்பரையில் சூடேறும் பால் அருந்துபவனைக் காக்குமேயன்றி மந்தையைத் தூய்மையாக்காது. 1995இல் இது மீண்டும் மெய்யாயிற்று. நாம் மேலே சொன்ன 'ஜ்பெய்னா' என்னும் சிறு பாலாடைக்கட்டியைச் சூடேற்றாத பாலில் செய்து விற்றதன் விளைவாக, அத்தீவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் காய்ச்சலுற்றனர். ஸம்மித்தின் ஆறு ஆடுகளுக்குத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும், அதே தீவில், அதே கிருமி. அதன் பின்னரே மந்தைகளைச் சோதித்து நோயுற்றவற்றை அகற்றும் பணி முழு வேகத்தில் மேற்கொள்ளப்பட்டது.

இதற்கிடையே மற்றொரு கருவியும் கிடைத்திருந்தது. 1950களில் சான்ஃபோர்ட் எல்பர்க் என்பாரும் அவர்தம் தோழர்களும் கலிஃபோர்னியாவில் 'ரெவ்-1' எனப்படும் தடுப்பூசியை உருவாக்கினர். வீரியம் குறைந்த உயிர்க்கிருமியே அதன் பொருள். மூன்று முதல் ஆறு மாதக் குட்டிகளுக்கு, ஊசியாகவோ கண்ணில் ஒரு சொட்டாகவோ இதனை அளிப்பர். குறைகளும் இதற்குண்டு. சினை ஆட்டுக்கு அளித்தால் குட்டி வீசக்கூடும். கையாள்பவரின் உடலில் புகுந்தால் அவருக்கே நோயைத் தரும். இதனைப் பெற்ற ஆட்டின் இரத்தநீர் சோதனையில் நோயுற்றது போலவே தோன்றக்கூடும். கண்ணில் சொட்டாக இடும்போது இக்கடைசிக் குறை பெரிதும் தணிகிறது. நோய் மிகுந்த நாட்டில் முதலில் பல ஆண்டுகள் தடுப்பூசியால் நோயைத் தாழ்த்தி, அது அருகிய பின்னர்ச் சோதித்து அகற்றுவதே இன்று ஏற்கப்பட்ட ஒழுங்காகும்.

எனினும் கருவி எதுவாயினும், செலவை யார் ஏற்பது என்னும் வினா எழாமல் இருப்பதில்லை. மந்தைகளையே நம்பி வாழும் மங்கோலியாவின் அனுபவம் இதற்குத் துணைநிற்கும் சான்று. பல ஆண்டுகள் நடந்த தடுப்பூசித் திட்டத்தால் அங்கே தணிந்திருந்த இந்நோய், திட்டம் நின்று, 1990க்குப் பின் ஆட்சி முறையும் மாறியபோது மீண்டும் தலைதூக்கியது. அந்நாட்டில் மந்தைகளுக்குத் தடுப்பூசி இடுவதன் செலவையும் பயனையும் கணக்கிட்டு 2003இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மக்கள் நலத் துறையின் கணக்கில் மட்டும் வைத்தால் செலவு தாங்காததாகத் தோன்றுகிறது. மருத்துவச் செலவு, நோயால் இழந்த வருவாய், கால்நடை வளர்ப்பின் ஆதாயம் ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், சமுதாயம் பெறும் பயன் செலவைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். பயன் பெறும் துறைகள் செலவைப் பகிர்ந்துகொண்டால் சுமை எவருக்கும் பெரிதாகாது என்பதே அவ்வாய்வின் முடிபு.

நம் நாட்டில், 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், நான்கு முதல் எட்டு மாதப் பசு, எருமைப் பெண் கன்றுகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசி இடும் பணி மேற்கொள்ளப்பட்டது. நம் இல்லங்களில் பாலைப் பொங்கக் காய்ச்சும் வழக்கம் அருந்துவோரைக் காத்து வருகிறது. ஆனால் கன்று வீசிய பசுவின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் அகற்றும் உழவனையும், கால்நடை மருத்துவரையும், அறுப்புக் கூடத் தொழிலாளியையும் அவ்வழக்கம் காப்பதில்லை. அவர்களுள் ஒருவர் மாதக்கணக்கில் ஓயாத காய்ச்சலோடும் மூட்டு வலியோடும் மருத்துவரிடம் செல்லும்போது, தாம் கால்நடையோடு பழகுபவர் என்பதை எடுத்துச் சொல்வது நன்று. நோயின் அடையாளம் பல வேளை அந்த ஒரு சொல்லிலிருந்தே பிடிபடுகிறது.

மால்டாவில் ஆடு கண்டறியப்பட்டது 1905இல். வாசலில் கறந்த பால் அகன்றது அதற்குப் பல பத்தாண்டுகளுக்குப் பின். மந்தை ஒழுங்குபட்டது அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில். இடைப்பட்ட காலத்தில் குறைவாக இருந்தது அறிவு அன்று. இழப்பைப் பகிர்ந்துகொள்ளும் மனம். நோயற்ற மந்தையால் பயன் பெறுவோர் அனைவரும், தன் ஆட்டைக் கொடுக்கும் இடையனோடு அதன் விலையையும் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், அவன் ஆட்டை ஒளிப்பதற்குக் காரணம் இல்லை. கால்நடை நோய் பற்றிய திட்டம் எதனையும் மதிப்பிடும்போது, எத்தனை ஊசி இடப்பட்டது என்பதோடு, நோயுற்ற விலங்கை இழந்தவனுக்கு என்ன கிடைத்தது என்பதையும் நாம் கேட்டறிதல் வேண்டும்.